மேட்டில் ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, அப்பா வாயு என்கிறார்: என்ன செய்வது?

திற்பரப்பு_மகன் | செவ்வாய் இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நான் தோகாவில் வேலை பார்க்கிறேன். அப்பா ஊரில், குமரி மாவட்டம் திற்பரப்புக்குப் பக்கம். வயது 62. இப்போதும் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறார். சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு, மாத்திரையை நினைவு வந்தால் போடுவார். பீடியைக் குறைத்திருக்கிறார், விடவில்லை.

கொஞ்ச நாளாக விளையில் (தோட்டத்தில்) மேடு ஏறும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கம் வருகிறதாம். நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடும். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். இந்த வாரம் சும்மா படுத்திருக்கும்போதே வந்திருக்கிறது. தாடை வரைக்கும் இழுத்ததாம், வியர்த்துக் கொட்டியதாம். அப்பாவோ வாயு என்கிறார், ராத்திரி தின்ற மரச்சீனிக் கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். இஞ்சிச்சாறு குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். சனிக்கிழமை திருவனந்தபுரம் கூட்டிப் போக மச்சான் வண்டி சொல்லி வைத்திருக்கிறார். அதுவரை பொறுக்கலாமா?

செவிலி_அக்கா | செவ்வாய் இரவு 9.24

பொறுக்கக் கூடாது தம்பி. நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள், அதனால் நேராகவே சொல்கிறேன். ஏறும்போது வந்து நின்றால் போகிற இறுக்கம் என்பது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். அதே இறுக்கம் படுத்திருக்கும்போதும் வர ஆரம்பித்துவிட்டால் நிலைமை மாறிவிட்டது என்று பொருள். அடுத்தது மாரடைப்பாக இருக்கலாம். வியர்வையும் தாடை வலியும் வாயுவில் வருகிற சேர்க்கை இல்லை.

இன்றே ஈசிஜி எடுக்க வேண்டும். எங்கே கிட்டத்தில் ஈசிஜி இருக்கிறதோ அங்கே. திருவனந்தபுரம் பிறகு. இந்த நேரத்தில் வலி இருந்தால் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். உங்கள் மச்சானின் வண்டியில் வழியில் மயங்கி விழுந்தால் செய்வதற்கு யாரிடமும் ஒன்றும் இருக்காது. ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் ஆளும் உண்டு.

கோட்டாறு_வியாபாரி | செவ்வாய் இரவு 9.41

அக்கா சொல்வதுதான் சரி. எனக்கு ஸ்டென்ட், அதாவது இதயக் குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழல், வைத்திருக்கிறது. வலி என்று சொல்ல முடியாது, ஒரு பாரம், யாரோ நெஞ்சில் கையை ஊன்றி அழுத்துகிற மாதிரி. விரலால் தொட்டு இந்த இடம் என்று காட்ட வராது, முழு உள்ளங்கையை வைத்துத்தான் காட்டுவோம். அப்பாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

திற்பரப்பு_மகன் | புதன் காலை 6.15

உள்ளங்கையை வைத்துத்தான் காட்டினார் அண்ணன். ராத்திரி வலி இல்லை. ஆனால் வர மாட்டேன் என்கிறார். வெட்டு இல்லாத நாள் கூலி போய்விடும் என்கிறார், ஆஸ்பத்திரி போனால் படுக்க வைத்துவிடுவார்கள் என்கிறார். அம்மா அழுகிறாள். நான் போனில் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

வடசேரி_வாசகி | புதன் காலை 6.50

அழுதால் கேட்க மாட்டார்கள். "ஈசிஜி மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம்" என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் மதிக்கிற ஒருவரை, பெரியப்பாவையோ கூட வெட்டுகிறவரையோ போகச் சொல்லுங்கள்.

எங்கள் அம்மா கதையையும் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் அம்மாக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலியே வரவில்லை. சர்க்கரை உண்டு. ஒரு வாரமாக அசதி, துணி துவைத்தால் மூச்சு வாங்கும், முதுகில் தோள்பட்டைக்கு நடுவில் ஒரு கனம், ஓங்கரிப்பு. ஒரு கிளினிக்கில் அல்சர் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. பிறகு பார்த்தபோது மாரடைப்பு வந்து போயிருந்தது. இதயத்தின் ஒரு பகுதி இப்போது சரியாகச் சுருங்குவதில்லை. பெண்களும் சர்க்கரைக்காரர்களும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. புதிதாக வந்த மூச்சுத் திணறல், காரணம் தெரியாத அசதி, இதுவே போதும் போய்ப் பார்க்க.

திற்பரப்பு_மகன் | புதன் மதியம் 1.30

பெரியப்பா கூட்டிப் போனார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்தாயிற்று. நார்மல் என்று வந்திருக்கிறது! அப்பாவுக்கு இப்போது பெரிய தெம்பு. வீட்டுக்குக் கிளம்புகிறார். ஆனால் அங்கே உள்ள டாக்டர் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். நார்மல் என்றால் ஏன் அனுப்ப வேண்டும்?

தக்கலை_பொதுமருத்துவர் | புதன் மதியம் 1.52

அந்த டாக்டர் சரியாகச் செய்திருக்கிறார். உடனே போகட்டும்.

ஈசிஜி என்பது அந்தச் சில நொடிகளில் இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தின் பதிவு. வலி இல்லாத நேரத்தில் எடுத்தால், அடைப்பு உள்ளவருக்கும் அது நார்மலாக வரலாம். அதனால்தான் மருத்துவமனையில் வைத்து ஈசிஜியைத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இதயத் தசை சேதமானால் அது ரத்தத்தில் ஏறும். ஆனால் ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், எனவே முதல் முறை சரியாக இருந்தாலும் இடைவெளி விட்டு இன்னொரு முறை பார்ப்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயின் சுவருக்குள் கொழுப்பு பல வருடமாகச் சேர்ந்து திட்டாக நிற்கிறது. அது குறுக்கிய குழாயில், உழைக்கும்போது ரத்தம் போதாமல் இறுக்கம் வருகிறது. மாரடைப்பு வேறு. அந்தத் திட்டின் மேல்தோல் ஒருநாள் கிழிகிறது, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. அப்பா பால் வெட்டுகிறவர் என்பதால் அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: சிரட்டைப் பாலில் ஆசிட் விழுந்தால் எப்படிக் கட்டிப்படுகிறதோ அப்படி. குழாய் முழுதாக அடைபட்டு, அதற்குப் பின்னால் உள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. இன்னொன்று, கிழிகிற திட்டு பெரிதாக இருக்க வேண்டும் என்று இல்லை. பாதி கூட அடைக்காத திட்டும் கிழியலாம். ஓடும் பெல்ட்டில் நடக்க வைக்கிற டிஎம்டி சோதனை நன்றாக வந்த ஒருவருக்கு அடுத்த மாதம் மாரடைப்பு வருவது இதனால்தான். ஓய்வில் வலி வருகிற உங்கள் அப்பாவுக்கு அந்த டிஎம்டியை இப்போது செய்யவே கூடாது.

செவிலி_அக்கா | புதன் மதியம் 2.05

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை ஏதாவது கொடுத்தார்களா தம்பி? "இதயம் காப்போம்" என்று 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இருக்கிறது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் துணை சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் 4, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8, மொத்தம் 14 மாத்திரை. நம் மலைப்பக்கக் கிராமங்களுக்கு இது பெரிய உதவி. பேச்சிப்பாறைக்கு மேலே இருந்து கீழே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும்.

திற்பரப்பு_மகன் | புதன் மதியம் 2.11

கொடுத்தார்கள் அக்கா. ஒரு கை நிறைய மாத்திரை என்று பெரியப்பா சொன்னார். ஆசாரிப்பள்ளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கடலோரம் | புதன் மாலை 5.20

நடுவில் ஒரு கேள்வி கேட்கலாமா? நான் தூத்தூர் பக்கம். எங்கள் ஆட்கள் தங்கல் தொழிலுக்குப் போனால் ஒரு மாதம் கூடக் கரைக்கு வர மாட்டார்கள். சுறாவும் சூரையும் தேடி வெகு தூரம் போகிறார்கள். படகில் நெஞ்சு வலி வந்தால் 108 எங்கே வரும்? எங்கள் ஊரில் கடலிலேயே போனவர்கள் உண்டு. பெரும்பாலும் "வாயு பிடித்தது" என்றுதான் கரைக்குச் செய்தி வரும்.

செவிலி_அக்கா | புதன் மாலை 6.02

இந்தக் கேள்விக்காகவே இந்த இழை திறந்ததற்கு நன்றி சொல்லலாம்.

கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கைபேசி கிடைக்காத தூரத்தில் விஎச்எஃப் வயர்லெஸ் கருவியில் 16ஆம் சேனல், அல்லது செயற்கைக்கோள் தொலைபேசி. படகு நிற்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நோயாளியின் வயது, வலி தொடங்கிய நேரம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், இவ்வளவும் கேட்பார்கள். மருத்துவ ஆலோசனையும் கிடைக்கும், முடிந்தால் ஆளை ஏற்றிப் போகவும் வருவார்கள். படகை ஓட்டுகிற ஸ்ராங்குக்கு மட்டும் தெரிந்தால் போதாது, வலி அவருக்கே வரலாம். படகில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வலி வந்த ஆளை உட்கார்ந்த நிலையில் சாய்த்து வையுங்கள். வலை இழுக்க விடாதீர்கள், கொஞ்சம் குறைந்தது என்று எழுந்து வேலை பார்க்கவும் விடாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண் ரத்தக்கசிவு, ஒரு பக்கம் கைகால் இழுப்பது இவையெல்லாம் இல்லை என்றால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். முழுங்குவதை விட மெல்வது வேகமாக வேலை செய்யும். நாக்கின் அடியில் வைக்கிற சார்பிட்ரேட்டை மட்டும் டாக்டர் எழுதித் தந்தவர் தவிர யாரும் பக்கத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டாம். ரத்த அழுத்தம் ஏற்கனவே இறங்கியிருந்தால் அது ஆளைச் சாய்த்துவிடும்.

தொழிலுக்குப் புறப்படுமுன் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். மாத்திரையைப் போகிற நாளுக்கு மேல் இன்னும் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து, ஈரம் படாத டப்பாவில். கரையில் ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கடலில் நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடலோரம் | புதன் இரவு 7.15

மனசார நன்றி அக்கா. 1554ஐ எங்கள் சங்கத்தில் எழுதி ஒட்டச் சொல்கிறேன்.

திற்பரப்பு_மகன் | வெள்ளி இரவு 8.30

அப்பாவை உள்ளே சேர்த்துவிட்டார்கள். ட்ரோபோனின் இரண்டாவது தடவை கொஞ்சம் ஏறியிருந்தது. சின்ன மாரடைப்பு என்றார்கள். இன்றைக்கு இதயக் குழாய்களைப் படம் பிடிக்கிற ஆஞ்சியோகிராம் எடுத்தாயிற்று. மூன்று குழாயிலும் அடைப்பு. பைபாஸ்தான் நல்லது என்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சைப் பிளக்க வேண்டாம், ஸ்டென்ட் வைத்துவிடுங்கள் என்கிறார். எனக்கும் அதுதான் சுலபமாகத் தோன்றுகிறது. என்ன நினைக்கிறீர்கள்?

மார்த்தாண்டம்_தேன் | வெள்ளி இரவு 8.48

அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் சேர்த்துக் காய்ச்சி தினம் காலை குடித்தால் அடைப்பு கரையும் என்று எனக்கு வாட்ஸப்பில் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் ஒருவர் குடித்து நன்றாக இருக்கிறார்.

தக்கலை_பொதுமருத்துவர் | வெள்ளி இரவு 9.35

தேன் நண்பருக்கு முதலில். நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரியும். ஆனால் சுவருக்குள் சுண்ணாம்பு படிந்து நிற்கிற அடைப்பை இந்தக் கஷாயம் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. குடித்து நன்றாக இருப்பவர் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்த அப்பாவுக்குச் சர்க்கரை வேறு, தினம் தேன் ஆகாது. இவருக்கு இப்போது காத்திருக்க நேரமும் இல்லை.

தம்பி, ஸ்டென்டா பைபாஸா என்பது எது சுலபம் என்று பார்த்து முடிவெடுக்கிற காரியம் இல்லை. சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்தவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டென்ட், இன்னொன்றுக்கு பைபாஸ் செய்து பல வருடம் பின்தொடர்ந்தார்கள். ஃப்ரீடம் என்ற அந்த ஆய்வு 2012இல் வெளியானது. பைபாஸ் செய்தவர்களில் மரணமும் மறுபடி மாரடைப்பும் குறைவு. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கொஞ்சம் கூடுதல். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அப்பா போன்றவருக்கு பைபாஸ் என்று சொன்னது நியாயமான ஆலோசனை. ஸ்டென்ட் அந்த ஓர் இடத்தைத் திறக்கும். பைபாஸ் அடைப்பைத் தாண்டிப் புது வழி போடுவதால், அதே குழாயின் மேல்பகுதியில் நாளைக்கு வருகிற அடைப்பையும் தாண்டிவிடும்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். நடந்தால் மட்டும் வலி வந்து, பல மாதமாக மாறாமல் இருக்கிறவருக்கு ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடும் என்று காட்ட முடியவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போட்டாலே அதே அளவு பாதுகாப்பு. ஸ்டென்ட் அவருக்கு வலியைக் குறைக்க உதவும். ஆகவே "90 சதவீத அடைப்பு, இன்றே வைக்காவிட்டால் ஆள் இருக்க மாட்டார்" என்று ஓய்வில் வலியே இல்லாத ஒருவரைப் பயமுறுத்தினால், இன்னொரு இதய மருத்துவரிடம் ஆஞ்சியோகிராம் சிடியைக் காட்டிக் கேட்பதில் தப்பில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது மட்டும் இரண்டாவது கருத்து கேட்டு நேரத்தை இழக்கக் கூடாது.

கோட்டாறு_வியாபாரி | வெள்ளி இரவு 10.02

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? பைபாஸ் அதில் வரும். இல்லையென்றால் வருமானச் சான்று வாங்கி நாளைக்கே கலெக்டர் ஆபீஸில் பதியச் சொல்லுங்கள். கேரளா போவதாக இருந்தால் அங்கே அந்த அட்டை செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மார்த்தாண்டம் தாண்டி, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் போய்ச் சேர்ந்த பிறகு கேட்கிற கேள்வி அல்ல அது.

ஈத்தாமொழிக்காரன் | சனி காலை 7.10

எனக்கு ஒரு மனக்குறை. எல்லா டாக்டரும் தேங்காயை நிறுத்து என்கிறார்கள். நாங்கள் தென்னையில் வாழ்கிறவர்கள். எங்கள் தாத்தா தேங்காய் அரைத்த குழம்பு தின்று 90 வயது இருந்தார். அப்போது இந்த நோய் எங்கே இருந்தது?

தக்கலை_பொதுமருத்துவர் | சனி காலை 8.25

தாத்தாவின் நாளில் இந்த நோய் இல்லாமல் இல்லை, பெயர் வைக்க ஈசிஜி இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. தாத்தா தேங்காயோடு நாள் முழுக்க நடந்தார், மண் வெட்டினார், சாளையும் அயிலையும் தின்றார். கடைச் சிப்ஸும் பரோட்டாவும் தினசரி இல்லை. நமக்கு அந்த நடை போய்த் தேங்காய் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் செறிவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பை ஏற்றுகிறது, இதில் சந்தேகம் இல்லை. குழம்பில் அரைக்கிற கொஞ்சம் தேங்காய் வேறு, பொரிக்க ஊற்றுகிற எண்ணெய் வேறு. என் நோயாளிகளிடம் அரைப்பைப் பாதியாக்கச் சொல்வேன், பொரிப்பதை நிறுத்தச் சொல்வேன். மீனைப் பொரிக்காமல் குழம்பு வைத்தால் அது மருந்துக்குச் சமம். நான் அதிகம் பயப்படுவது உப்பை. கருவாடு, அப்பளம், ஊறுகாய் என்று ஒரே சாப்பாட்டில் மூன்றும் வருகிறது. ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு.

ஆனால் சாப்பாட்டைப் பற்றியே பேசிப் பீடியை மறந்துவிடுகிறோம். கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வந்தது. முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதம் நாம் அளக்கக்கூடிய 9 காரணங்களில் அடங்கும் என்று அது காட்டியது. புகையும் கெட்ட கொழுப்பும் முன்வரிசையில். பிறகு சர்க்கரை, பிரஷர், தொப்பை, மன அழுத்தம். அதே ஆய்வில் நம் தெற்காசிய மக்களுக்கு மற்றவர்களை விட ஏறக்குறைய 6 வயது முன்னதாகவே மாரடைப்பு வந்தது.

வடசேரி_வாசகி | சனி காலை 9.00

மகன்களும் மகள்களும் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளின் மன அழுத்தத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் டாக்டர்.

திற்பரப்பு_மகன் | சில வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு மாலை 4.40

பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. நான் லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். அப்பா வீட்டில் இருக்கிறார், முற்றத்தில் நடக்கிறார். பீடி இல்லை. அம்மா குழம்புக்கு அரைப்பைக் குறைத்ததற்கு மட்டும் தினம் ஒரு வழக்கு.

இரண்டு சந்தேகம். இப்போதே பால் வெட்டப் போக வேண்டும் என்று நிற்கிறார், எப்போது விடலாம்? அப்புறம், ஒரு பல் ஆடுகிறது, பிடுங்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நான்கு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கோட்டாறு_வியாபாரி | ஞாயிறு மாலை 5.05

நிறுத்தாதீர்கள்! எனக்கும் இதையே ஒருவர் சொன்னார். என் இதய டாக்டர் மாத்திரையோடேயே பல்லைப் பிடுங்கச் சொன்னார், கொஞ்ச நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

தக்கலை_பொதுமருத்துவர் | ஞாயிறு மாலை 6.30

ஆமாம். ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ அறுவை செய்த குழுவைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு முதல் வருடத்தில் இது உயிர்ப் பிரச்சினை, திடீரென்று நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையலாம். பல் பிடுங்குவது அவசரமில்லை என்றால் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பல் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, இரண்டு டாக்டர்களும் பேசிக்கொள்ளட்டும். கொழுப்பு மாத்திரையும் வாழ்நாளுக்கு. ரிப்போர்ட் நார்மல் வந்தது என்று நிறுத்துகிறவர்கள் அதிகம், நார்மலாக வந்ததே மாத்திரையால்தான்.

பால்வெட்டு விஷயம். மார்பெலும்பு ஒட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது, பால் வாளியும் அதில் சேரும். கையைத் தலைக்கு மேல் வீசி இழுக்கிற வேலையும் வேண்டாம். தினமும் நடக்கட்டும், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில், முதலில் சமதளத்தில், மெல்ல மெல்ல 30 நிமிடம் வரை. மூன்று மாதம் கழித்து எக்கோ பார்த்து, இதயம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிந்த பிறகு மேட்டு விளையைப் பற்றி முடிவு செய்யலாம். முதலில் கீழ்த்தட்டில் கொஞ்ச மரம், கூட ஒரு ஆள். காயத்தில் சீழ், காய்ச்சல், எலும்பு "டக் டக்" என்று அசைவது, காலில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

செவிலி_அக்கா | ஞாயிறு இரவு 7.12

தம்பி, ஊரில் இருக்கும்போதே நீங்களும் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு பார்த்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் ஒரு காலையில் முடிகிற வேலை. அம்மாவையும் கூடக் கூட்டிப் போங்கள். இத்தனை நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள், அவளுக்கு யாரும் பிரஷர் பார்த்திருக்க மாட்டார்கள்.

திற்பரப்பு_மகன் | ஞாயிறு இரவு 7.30

உண்மைதான் அக்கா, பார்க்கவில்லை. நாளைக் காலை மூன்று பேரும் போகிறோம்.